மரியாதை கொஞ்சம் ஜாஸ்தி

"மதிப்பிற்குரிய மொழியியல் வல்லுநர் ஐயா அவர்களுக்கு" என்று ஆரம்பித்திருந்தது அந்த மெயில். அந்த முதல் வரியிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஆந்திர எல்லையோர ஆரம்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தமிழிலும் தெலுங்கிலும் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன் நான். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்து ஃபாக்டரிகளுக்குக் 'கையுறை இல்லாமல் மெஷினைத் தொடாதே' வகையறா போர்டுகள், எப்போதாவது ஸ்ரீசிட்டியிலிருந்து ஒரு மெஷின் கையேடு, இவ்வளவுதான் என் இலக்கியப் பணி. ஒருவர்கூட இதுவரை என்னை வல்லுநர் என்றதில்லை. கேட்டில் செக்யூரிட்டி, "டிரான்ஸ்லேஷன் ஆள் வந்திருக்காரு" என்று உள்ளே போன் போடுவார். பர்ச்சேஸில் நான் 'அந்தத் தெலுங்குக்காரர்'. தடாவைத் தாண்டினால் 'அந்தத் தமிழ்க்காரர்'. பெயர் சொல்லிக் கூப்பிடுவதுகூட பில்லில் தப்பு இருந்தால்தான்.

மெயில்காரர்களோ லண்டன் பதிப்பகமாம். கிண்டியில் கிளையாம். இருநூறு பக்கப் புத்தகம், வார்த்தைக்கு நான்கு ரூபாய், மாதிரிப் பக்கம் வேண்டாம், வேலை முடிந்த மூன்றாம் நாள் பணம். கணக்குப் போட்டால் இரண்டு லட்ச ரூபாய் வருகிறது. இந்தப் பக்கத்தில் வார்த்தைக்கு ஒரு ரூபாய் என்றாலே, "ரவுண்டா ஒரு தொகை சொல்லுங்க" என்று கீழே இழுப்பார்கள்.

நிஜ வேலைக்கு ஒரு லட்சணம் உண்டு. அது அவமரியாதையோடுதான் வரும். பேரம் பேசுவார்கள். "போன தடவை பண்ணவர் பாதிக்குப் பண்ணிக் கொடுத்தாரு" என்பார்கள். பில் கொடுத்தால் பத்து சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். சிறு தொழில் செய்கிறவனுக்கு 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006-ஆம் வருடத்துச் சட்டம் சொல்கிறது. அந்த 45-இல் முதல் நாள் எது என்பது அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். இந்தச் சடங்கு ஒன்றுமே இல்லாமல் ஒருவன் பணம் தருகிறேன் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சந்தேகம் மட்டும் போதாதே, சாட்சி வேண்டும். மெயிலின் அடியில் பகட்டாக ஒரு ஜிஎஸ்டி நம்பர் போட்டிருந்தார்கள். வேறு ஊர்க்காரனிடம் அந்த நம்பர் செல்லுபடியாகியிருக்கலாம். எல்லையில் இருக்கிறவர்களுக்கு ஜிஎஸ்டி நம்பரின் முதல் இரண்டு இலக்கம் பாலபாடம்: தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திராவுக்கு 37. ஆரம்பாக்கத்தில் வாங்கிய சிமென்ட் பில்லில் ஒன்று, ஒரு ஸ்டேஷன் தள்ளித் தடாவில் வாங்கிய பெயின்ட் பில்லில் இன்னொன்று. கிண்டி கம்பெனியின் நம்பர் 37-இல் ஆரம்பித்தது! அடுத்த பத்து எழுத்து பான் நம்பர். பானில் நான்காவது எழுத்து கம்பெனிக்கு 'சி', தனி ஆளுக்கு 'பி'. பிரைவேட் லிமிடெட் என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டவர்களுக்கு 'பி' இருந்தது. ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம், காசில்லை. பார்த்தேன். நெல்லூர்ப் பக்கம் ஒரு டயர் ரீட்ரெடிங் கடை. பாவம், அந்த மனிதருக்குத் தான் லண்டனில் புத்தகம் போடுவது தெரியாது.

'1987 முதல் இலக்கியச் சேவையில்' என்றும் ஒரு வரி இருந்தது. அவர்களுடைய இணைய முகவரி என்றைக்குப் பதிவானது என்று பார்த்தேன். போன மாதம்.

அக்கா மகன் ஸ்ரீசிட்டியில் ஷிஃப்ட் முடித்து வந்தவன், தோள் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, டெபாசிட் வெறும் 2,750 தானே கேக்கறாங்க. ரெண்டு லட்சம் வருதுன்னா அது போனா என்ன?" என்றான். மெயிலின் இரண்டாம் பக்கத்தில் அதுவும் இருந்தது: சாஃப்ட்வேர் லைசென்ஸுக்காக, திருப்பித் தரப்படும் தொகை. இவன் போட்ட இந்தக் கணக்கை நம்பித்தான் அந்தத் தொழிலே நடக்கிறது. வேலை கொடுக்கிறவன் எதற்கடா காசு கேட்கிறான் என்றேன். "ப்ரொசீஜரா இருக்கும்" என்றான்.

ப்ரொசீஜர் என்றதும் அவனுக்கு ரயில் எண்ணிய கதையைச் சொன்னேன். 2022 ஜூன், ஜூலையில் தமிழ்நாட்டு இளைஞர்கள் 28 பேர் புதுடெல்லி ரயில் நிலையத்தில் தினம் எட்டு மணி நேரம் பிளாட்பாரத்தில் நின்று, வருகிற ரயில், போகிற ரயில், ஒவ்வொன்றிலும் எத்தனை பெட்டி என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். சுமார் ஒரு மாதம். டிடிஇ, கிளார்க், டிராஃபிக் அசிஸ்டென்ட் வேலைகளுக்கு இதுதான் பயிற்சி என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. ஒவ்வொருவரும் கொடுத்தது 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை. மொத்தம் 2 கோடியே 67 லட்சம். மருத்துவப் பரிசோதனை நடந்தது, அடையாள அட்டை வந்தது, நியமனக் கடிதம் வந்தது. பயிற்சி முடிந்த பிறகுதான் எல்லாக் காகிதமும் போலி என்று தெரிந்து விவகாரம் டெல்லி போலீசுக்குப் போனது. அந்த டிசம்பரில் பத்திரிகையில் படித்தவர்கள் நிறையப் பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையன்கள் மதிய வெயிலில் பெட்டி எண்ணிக்கை தப்பிவிடக் கூடாதே என்று ஒருவருக்கொருவர் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றுதான் தோன்றியது. ரயில்வேயிடம் இல்லாத கணக்கா?

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "ரயில் எண்ண டெல்லிக்கு ஏன் மாமா போகணும்? நம்ம ஸ்டேஷன்ல உக்காந்தா கிராண்ட் ட்ரங்க் போகுது, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் போகுது, கூட்ஸ் பாட்டுக்குப் போகுது." வாஸ்தவம்தான். ஒன்றும் நிற்பதில்லை என்பதால் எண்ணுவதும் சுலபம்.

இந்த மரியாதை எத்தனை நாளைக்கு என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி என்று ஒரு வகை உண்டு. டெபாசிட் கேட்க மாட்டார்கள், ஆன்லைனில் ஒப்பந்தம் மட்டும். மங்கலான ஸ்கேன் பக்கங்களை அடித்து அனுப்பினால், துல்லியம் போதவில்லை என்பார்கள். அதன்பிறகு 'ஐயா' காணாமல் போய்விடும். வக்கீல் நோட்டீஸ் வரும், கோர்ட் முத்திரை மாதிரி ஒன்று வரும், ஒப்பந்தத்தை மீறியதற்கு இவ்வளவு கட்டு, இல்லாவிட்டால் வழக்கு என்று மிரட்டல் வரும். நோட்டீசைப் பார்த்துப் பயந்து கட்டியவர்கள் உண்டு. கட்டத் தேவையில்லை, 1930 என்று சைபர் குற்ற உதவி எண் இருக்கிறது, அதற்குப் போன் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். இன்னொரு வகை டெலிகிராமில்: வீடியோவுக்கு லைக் போட்டால் 150 ரூபாய். அதை மட்டும் நிஜமாகவே தருவார்கள். அப்புறம் நீங்கள் கட்டினால்தான் அடுத்த 'டாஸ்க்'. 2023 டிசம்பரில் மத்திய அரசு இந்த ரகத் தளங்கள் நூற்றுக்கும் மேல் முடக்கியது. முடக்கிய அன்று சாயங்காலமே புதுசு முளைத்திருக்கும் என்பது என் அனுமானம்.

இவர்களை வாயார வைதுகொண்டிருக்கலாம் என்றால், அதிலும் ஒரு சிக்கல். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பையன்கள் மியான்மரில் மியாவாடி பக்கம் அடைக்கப்பட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்த்தி வைக்கப்பட்டு, ஊரை ஏமாற்றச் சொல்லி அடிக்கப்பட்டார்கள். 2022 அக்டோபரில் 13 பேர் மீண்டு சென்னை வந்து சேர்ந்தார்கள். வேலை மோசடியில் விழுந்தவனையே மோசடி வேலைக்கு வைத்துவிடுகிறார்கள். அதனால் எனக்கு 'ஹலோ டியர்' என்று செய்தி வரும்போது கெட்ட வார்த்தை டைப் பண்ணிவிட்டு, அழித்துவிடுவதுண்டு.

நமக்கு வாய்த்தவர் அப்படித் தெரியவில்லை. மறுநாளே போன் வந்தது. பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம், நல்ல சென்னைத் தமிழ். ரிலேஷன்ஷிப் மேனேஜராம்.

"சார், டெபாசிட் மட்டும் இன்னிக்குப் போட்டீங்கன்னா ஃபைல் மூவ் ஆகிடும்."

"என் பில்லுல கழிச்சுக்குங்க தம்பி. ரெண்டு லட்சத்துல 2,750 தானே."

"கம்பெனி பாலிசி இல்ல சார்."

"டிடிஎஸ் பிடிப்பீங்களா?"

"சேச்சே, அதெல்லாம் பிடிக்க மாட்டோம் சார். ஃபுல் அமவுண்ட்!"

டயர் கடை விஷயத்தை எடுத்தேன். சத்தமில்லை. மிக்ஸியும் நின்றுவிட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன், வைக்கவில்லை. வாய் சும்மா இருக்காமல், "உங்க லெட்டர்ல தமிழ் ரொம்ப மோசம் தம்பி. 'எங்கள் பணிவான மரியாதைகளைப் பெற்றுக்கொண்டு தயவாகுங்கள்'னு எழுதியிருக்கு. மெஷின்ல போட்டதா? யாரு நம்புவா?" என்றேன்.

"நீங்க சரி பண்ணித் தருவீங்களா சார்?"

"பக்கத்துக்கு முந்நூறு ஆகும்."

"முந்நூறா! போன தடவை பண்ணவரு நூறுதான் சார் வாங்கினாரு. ரவுண்டா ஒண்ணு சொல்லுங்க."

உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டு நாளாக அந்தக் கம்பெனியில் கேட்ட முதல் நிஜமான பேச்சு. சரி, இருநூற்றைம்பது, ஆனால் பாதி முன்பணம் போட்டால்தான் கை வைப்பேன் என்றேன்.

"அதெப்படி சார்," என்றார், "முன்ன பின்ன தெரியாதவருக்கு அட்வான்ஸ் அனுப்பறது?"