சற்று நேரம் கழித்து முயலவும்

பெங்களூரில் வெப் அப்ளிகேஷன் எழுதிப் பிழைக்கும் தம்பி தங்கைகளே, டேட்டாபேஸ் என்றைக்கு வேண்டுமானாலும் படுக்கும். அதற்காக நீங்களும் ராத்தூக்கம் கெட வேண்டியதில்லை. எர்ரரைப் பக்குவமாகக் கையாளத் தெரிந்தால் போதும். பக்குவம் என்றால், தொல்லை உங்கள் கையிலிருந்து யூசர் தலைக்குச் சத்தமில்லாமல் போய்ச் சேர வேண்டும்.

முதல் வேலை, எர்ரரைப் பிடிப்பது. கோடு மொத்தத்தையும் ஒரே ட்ரை-கேட்ச்சுக்குள் போட்டுக் கேட்ச் பகுதியைக் காலியாக விடுங்கள். உள்ளே போன எர்ரர் வெளியே வராது. யூசருக்குப் பச்சை டிக் போட்டு ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டிவிடுங்கள். சர்வரும் 200 என்றே பதில் சொல்லட்டும். உள்ளபடி 503 அனுப்பினால் டாஷ்போர்டு சிவக்கும், பின்னாலேயே மேனேஜர் முகமும் சிவக்கும். லாகில் ஏதாவது எழுதியே தீர வேண்டுமென்றால் ‘ஏதோ தவறு’ என்று எழுதுங்கள். எந்தக் குவெரி, எந்த யூசர், மணி என்ன என்றெல்லாம் எழுதி வைத்தால் யாராவது காரணத்தைக் கண்டுபிடித்துத் தொலைப்பார்கள்.

எதையும் மறைக்க மனசு வராதா? அப்படியானால் டேட்டாபேஸ் துப்புவதை அப்படியே ஸ்கிரீனில் கொட்டுங்கள். டேபிள் பெயர், ஃபீல்டு பெயர், குவெரி எல்லாம் வரட்டும். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் செய்ய வருகிறவன் வழி தேடி அலையும் சிரமமாவது மிச்சமாகும்.

அடுத்தது கனெக்‌ஷன். மைஎஸ்கியூஎல் சொல்லாமலே 151 கனெக்‌ஷன் தரும், போஸ்ட்கிரஸ் 100. திறப்பது நம் உரிமை, மூடுவது யார் கடமையோ. தீர்ந்துபோனால் மைஎஸ்கியூஎல்லில் 1040 என்று ஒரு எர்ரர் வரும். ஏன் தீர்ந்தது என்று தோண்டாமல் எண்ணிக்கையைப் பத்தாயிரமாக்குங்கள். இதுவரை கனெக்‌ஷன் தீர்ந்தது, இனி மெமரி தீரும்.

ரீட்ரை தனிக்கலை. டெட்லாக் வந்தால் மைஎஸ்கியூஎல் இரண்டு டிரான்ஸாக்‌ஷனில் ஒன்றைத் தானே ரோல்பேக் செய்து, 1213 என்ற எண்ணோடு ‘மறுபடி தொடங்கு’ என்று யோசனையும் சொல்லும். உடனே தொடங்குங்கள். இடைவெளி விடாமல், கணக்கு வைக்காமல் தொடங்கிக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு முறையும் காத்திருப்பை இரட்டிப்பாக்கி, அதில் கொஞ்சம் ரேண்டமும் கலந்து, எல்லாரும் ஒரே நொடியில் திரும்பி வராமல் பார்த்துக்கொள்ளும் கோழைகள் உண்டு. நாம் சில்க் போர்டு சிக்னலில் வளர்ந்தவர்கள்; எல்லாரும் சேர்ந்து ஹாரன் அடித்தால்தான் வழி பிறக்கும் என்று நம்புகிறவர்கள். பேமெண்டையும் விடாதீர்கள். ‘இந்தக் கோரிக்கை ஏற்கெனவே வந்ததுதான்’ என்று அடையாளம் காண ஒரு கீ அனுப்பலாம், அனுப்ப மறந்துவிடுங்கள். இரண்டு முறை போன பணம் ‘ஏழு வேலை நாட்களில்’ வந்து சேரும் என்று ஒரு வரி போட்டால் முடிந்தது.

நம்மூர்க்காரர்களுக்கென்று ஒரு ஸ்பெஷல். ‘லாஸ்ட் நேம்’ ஃபீல்டை நாட் நல் ஆக்கிவிடுங்கள். இனிஷியலோடு வாழும் முருகன் அதைக் காலியாக விடுவார். டேட்டாபேஸ் மறுக்கும். நீங்கள் ‘தொழில்நுட்பக் கோளாறு, சற்று நேரம் கழித்து முயலவும்’ என்று காட்டுங்கள். அவரும் காபி குடித்துவிட்டு வந்து முயல்வார், சாப்பிட்டுவிட்டு வந்து முயல்வார். பிறகு சந்தேகம் வந்து ‘எஸ்’ என்று போடுவார். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும். புள்ளி வைத்துப் பார்ப்பார். புள்ளிக்கு அனுமதி இல்லை. கடைசியில் முருகன் முருகன் என்று பதிவாகி ஆயுசு முழுக்க அப்படியே மெயில் வாங்குவார். எந்தக் கட்டம் தவறு என்று ஒரு வரி காட்டியிருந்தால் இத்தனை ஈடுபாடு அவரிடம் வந்திருக்குமா?

வரலாறும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2014 அக்டோபர் 6, ஃபிளிப்கார்ட்டின் முதல் பிக் பில்லியன் டே. கோரமங்கலாவில் கம்பெனி பிறந்த ஃபிளாட்டின் எண் 610 என்பதால் 6/10 என்று தேதி குறித்தார்கள். கிட்டத்தட்ட 5,000 சர்வர், வழக்கத்தைவிட 20 மடங்கு கூட்டத்துக்கு ஏற்பாடு. வந்த கூட்டம் அதையும் தாண்டியது. சைட் திணறியது, ஆர்டர்கள் ரத்தாயின. மறுநாள் நிறுவனர்கள் சச்சின் பன்சலும் பின்னி பன்சலும் என்னென்ன தவறின என்று விவரித்து, மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பினார்கள். பழகக்கூடாத பழக்கம்.

பழக வேண்டியது 2021-இல் கிடைத்தது. எலக்ட்ரானிக் சிட்டி இன்ஃபோசிஸ், 4,242 கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் கட்டிய வருமான வரிப் போர்ட்டல் ஜூன் 7 அன்று திறந்தது. மறுநாளே நிதியமைச்சர் ட்விட்டரில் இன்ஃபோசிஸின் நந்தன் நிலேகனியைக் கூப்பிட்டுவிட்டார். ஆகஸ்ட் 21 அன்று போர்ட்டல் அடியோடு திறக்கவில்லை. உள்ளே என்ன உடைந்ததோ, நமக்கு வேண்டியது சொல்லாட்சி. முதல் நாள் அது ‘திட்டமிட்ட பராமரிப்பு’; அடுத்த நாள் ‘அவசரப் பராமரிப்பு’. அவசரத்தையே திட்டமிடும் பக்குவம் எல்லாருக்கும் வாய்க்காது. 23-ஆம் தேதி சி.இ.ஓ. சலில் பரேக் டெல்லிக்குப் போய் விளக்க வேண்டியதாயிற்று என்பதைச் சின்ன எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

பேக்கப் பற்றிக் கவலை வேண்டாம், எடுத்தால் போதும், திறந்து பார்க்க வேண்டியதில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் எஞ்சினியர் ஒருவர் இன்னொரு சர்வர் என்று நினைத்து மெயின் டேட்டாபேஸின் ஃபைல்களை அழித்தார். 300 ஜிபியில் மிஞ்சியது சுமார் 4.5. பேக்கப்பைத் தேடினால், அது பல நாளாக வெர்ஷன் பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மெயில்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. எர்ரரைக் கையாள இதைவிட நேர்த்தியான ஏற்பாடு உண்டா! ஆறு மணி நேரம் பழைய பிரதி ஒன்று தற்செயலாகக் கிடைத்துத் தப்பினார்கள். அதோடு விட்டார்களா, மீட்பு வேலையை யூட்யூபில் நேரலையாகவே காட்டி நம் தொழில் மானத்தை வாங்கினார்கள்.

மீதி எல்லாம் நேரம் பார்ப்பதில் இருக்கிறது. டேட்டாபேஸ் மைக்ரேஷனை வெள்ளிக்கிழமை மாலை ஓட்டுங்கள். ரோல்பேக் ஸ்கிரிப்டைத் திங்கட்கிழமை எழுதிக்கொள்ளலாம். பையைத் தோளில் போட்டு மடிவாளாவில் பஸ் ஏறிவிடுங்கள். கிருஷ்ணகிரி தாண்டியதும் ஆன்-கால் பையன் அலறிக்கொண்டு போன் செய்வான். கண்டிப்பாக எடுத்துப் பேசுங்கள். ‘கேஷ் க்ளியர் பண்ணிப் பாத்தியா தம்பி?’