மாமன் ஜாடை

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. சிறுநீரில் ரத்த அணுக்கள் இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. காதும் கொஞ்சம் மந்தம். என் தம்பி டயாலிசிஸில் இருக்கிறான். "அப்படியே மாமன் ஜாடை, வியாதியும் அப்படித்தான்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உண்மையா டாக்டர்?
– வாசகி, விருதுநகர்

பதில்: சொந்தக்காரர்கள் பாதி டாக்டர்கள் அம்மா! ரத்த அணு, காது மந்தம், தாய்மாமனுக்கு டயாலிசிஸ் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆல்போர்ட் நோயோ என்ற சந்தேகம் எழத்தான் செய்கிறது. 1927இல் ஆல்போர்ட் என்ற மருத்துவர் விவரித்த அரிய பரம்பரை நோய் இது. சிறுநீரக வடிகட்டி, உட்காது, கண் மூன்றிலும் ஒருவகை கொலாஜன் புரதம் உண்டு. அதில் பழுது வந்தால் மூன்றும் பாதிக்கப்படலாம். பெரும்பாலும் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால், பையன்களைத்தான் கடுமையாகத் தாக்கும்.

உங்கள் வழியாக மகனுக்கு வந்திருந்தாலும், இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். ஆனால் நீங்களும் சிறுநீர், பி.பி., கிரியேட்டினின் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கும் வயதாக ஆகச் சிறுநீரகம் கெடுவதுண்டு. தம்பிக்குக் கிட்னி தரும் யோசனை இருந்தால், மரபணுப் பரிசோதனை முடியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நோயைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் ராமிப்ரில் போன்ற மாத்திரையைச் சீக்கிரமே தொடங்கினால் டயாலிசிஸைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். தம்பியின் பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு, இந்த வாரமே மகனைச் சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள்.