பெயிண்ட் உதிர்ந்த ஹெர்குலிஸ்

எங்கள் ஊரில் அப்போதெல்லாம் ஆயுத பூஜை நெருங்கினால் சைக்கிள் கடை வாசலில் நிற்க இடம் இருக்காது. ‘ஓவராயில்’ என்று வண்டியை விட்டுவிட்டால் போதும். அக்கக்காகப் பிரித்து, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஃபிரேமை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது எனாமல் அடித்துக் கொடுப்பார்கள். வேலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதுதான் வாகனம். அதைப் பளபளவென்று வைத்திருப்பதே அதற்குச் செய்கிற மரியாதை.

அப்பாவின் ஹெர்குலிஸுக்கு அது வாய்க்கவில்லை. பெயிண்டுக்கு ஒதுக்கிய காசு எங்கள் பள்ளிக்கூடச் செலவுக்குப் போய்விடும். அதனாலேயே ஆலையில் பூசிய வண்ணம் இன்றும் அதில் மிச்சம் இருக்கிறது.

இப்போது பழைய சைக்கிள் சேர்ப்பவர்கள் புதுப் பெயிண்ட் அடித்த வண்டியைத் தாண்டிப் போய், தேய்ந்த வண்டியைத்தான் தேடுகிறார்கள். நியாயம் அவர்கள் பக்கம்தான். 1910-இல் பர்மிங்காமில் பிறந்த ஹெர்குலிஸ், 1951 முதல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையிலும் தயாரானது. அந்தக் காலத்து எனாமல் சூட்டில் வைத்து இறுக்கியது. அதன்மேல் மெல்லிய கோடுகள், தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள். உப்புத்தாள் பட்டால் அத்தனையும் அரை நாளில் போய்விடும். திரும்ப ஒட்டலாம், ஒட்டினாலும் அது நகல்தான்.

அப்பாவின் வண்டியில் முன்பார் மேல் ஒரு பட்டை அளவுக்குக் கறுப்பு போய் இரும்பு தெரிகிறது. குட்டி சீட் முடுக்கிய இடம் அது. தங்கையும் நானும் அதில் உட்கார்ந்துதான் பள்ளிக்குப் போனோம். கேரியர் ஓரத்தில் நெல் மூட்டைக் கயிறு அறுத்த தடம். ஹேண்டில்பாரின் இடப்பக்கத்தில் தூக்குவாளி ஆடி ஆடியே குரோம் தேய்ந்திருக்கிறது. எங்கள் குடும்பம் பிழைத்த கதையை இவ்வளவு துல்லியமாக வேறெதுவும் எழுதி வைக்கவில்லை.

அதற்காகச் சும்மா விட்டுவிடவும் கூடாது. அழுக்கு வேறு, தேய்மானம் வேறு. துருவோ வண்டிக்கே எதிரி. மென்மையான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும். சின்னங்கள் மேல் தின்னரோ பெட்ரோலோ படவே கூடாது. குரோம் துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் தொட்டுத் தேய்த்தால் போதும்; குரோமைவிட அலுமினியம் மென்மையானது, கீறாது. இரும்பு தெரியும் இடங்களில் துருவை எடுத்து, ஈரம் காய்ந்ததும் மெழுகு பூசலாம். அருங்காட்சியகங்களில் இதற்கென்றே மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு, மழைக்காலத்துக்கு முன் ஒரு பூச்சு அவசியம். பிரேக் கட்டை, டயர், செயின் இவற்றை யோசிக்காமல் மாற்றிவிடலாம். ஓட்டுகிறவர் உயிர் முக்கியம்.

உங்கள் வீட்டுப் பின்கட்டிலும் இப்படி ஒரு வண்டி சாய்ந்து கிடந்தால், பெயிண்டரைக் கூப்பிடும் முன் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். எந்தத் தடம் எதனால் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.