கடலுக்கு நாலு வருஷம் வாய்தா

அமெரிக்காவின் வட கரோலினாவில், கடலோர வள ஆணையத்தின் அறிவியல் குழு 2010-இல் ஓர் அறிக்கை கொடுத்தது. 2100-க்குள் கடல் மட்டம் ஒரு மீட்டர், அதாவது 39 அங்குலம், உயரும் என்று வைத்துத் திட்டமிடுங்கள் என்றது. இது விதியாகிவிட்டால் கடலோர மனைகளின் விலை என்னாவது? அதிகாரிகள் போடும் விதிகளைக் கண்காணிக்கத்தானே சட்டமன்றம் இருக்கிறது! கண்காணித்தது.

2012-இல் மாநில செனட்டில் சுற்றிய சட்ட வரைவு ஒரு ரத்தினம். 1900-க்குப் பிறகான அளவீடுகளை வைத்தே கணிக்க வேண்டும். கோடு நேராகத்தான் போக வேண்டும். கடல் வேகமெடுக்கும் என்று எழுதக் கூடாது. (நகல்: கிரீன்லாந்துப் பனிப்பாளங்கள், தகவலுக்காக.)

ஊரே சிரித்தது. தொலைக்காட்சியில் நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேர் வறுத்தெடுத்தார். கடைசியில் நிறைவேறிய சட்டம் கொஞ்சம் நாகரிகமானது: உயர்வு விகிதத்தை வைத்து எந்த மாநில முகமையும் 2016 ஜூலை 1 வரை விதி போடக் கூடாது, அவ்வளவுதான். ஆளுநர் பெவர்லி பெர்டூ கையெழுத்தும் போடவில்லை, தடுக்கவும் இல்லை. அது தானாகவே சட்டமாயிற்று.

ஆணையத்துக்கும் புத்தி வந்தது. 2015 அறிக்கையின் கணிப்புக்கு 30 ஆண்டுதான் எல்லை. அங்கே வீட்டுக் கடன் அடைய ஆகிற காலமும் அதுதான்.

அதே மாநிலத்தின் ரொடாந்தி என்ற கடலோர ஊரில் 2020 முதல் பத்துக்கும் மேற்பட்ட வீடுகள், மரக்கால்கள் முறிந்து, படிக்கட்டோடு அலைக்குள் சரிந்திருக்கின்றன. வெள்ளக் காப்பீட்டுப் பணம் வீடு விழுந்த பிறகுதான் வரும். ஆகவே முன்கூட்டியே இடித்து அகற்றுவோர் குறைவு.