எலித்திணை: கிள்ளான் பள்ளத்தாக்கில் கார் வயர் கடிபடுவது குறித்து ஓர் இலக்கண ஆராய்ச்சி

பழைய இலக்கணத்தார் நிலத்தைக் குறிஞ்சி முதலாக ஐந்தாகப் பகுத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் நாளில் கார் நிறுத்துமிடம் கிடையாது என்பதால் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனின் பின்சந்துகளையும், கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவை ஒட்டிய கடைவரிசைகளையும் நள்ளிரவுக்குச் சற்று முன் நடந்து பார்த்தவர்கள், ஆறாவது திணை ஒன்று அங்கே உரையாசிரியர் இல்லாமல் கிடப்பதை மறுக்கமாட்டார்கள். அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

எலித்திணைக்கு நிலம், பின்சந்தும் பின்சந்து சார்ந்த இடமும். லோங்காங்கின் உடைந்த மூடி, சாப்பாட்டுக் கடையின் பின்கதவு, மூடாத குப்பைத்தொட்டி ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் திணை முழு முதிர்ச்சி பெறும். பெரும்பொழுது ஆண்டு முழுவதும். நம் ஊரில் வேறு பருவம் ஏது? சிறுபொழுது, கடைசி வாழையிலை தொட்டியில் விழுந்தது முதல் முதல் ரயில் கிளம்பும் வரை. தெய்வம் பிள்ளையார். உணவு மீந்த ரொட்டி சானாயும் கோழி எலும்பும். மரம் பாண்டான்; காரணம் பின்னர் வரும். மக்கள் போமென், டோ வண்டிக்காரர், வேலைக்குத் தாமதமாகிக்கொண்டிருக்கும் காடிக்காரர். பறைக்கு உரிய இடத்தில், சாவியைத் திருப்பினால் எஞ்சினுக்குப் பதிலாகக் கேட்கும் ‘டிக்டிக்’ ஒலியை வைக்கலாம்.

உரிப்பொருளில்தான் அறிஞரிடையே வேறுபாடு. வொர்க்‌ஷாப் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் நிகழ்வதால் ‘இருத்தல்’ என்பர் ஒரு சாரார். பில்லைக் கண்டதும் நிகழ்வதால் ‘இரங்கல்’ என்பர் மற்றொரு சாரார். கடித்த வயரை மட்டும் ஒட்டிக்கட்டிக் கொடுத்தால் செலவு சில்லறை. முழு வயரிங் கட்டையும் மாற்ற வேண்டும் என்றால் ஆயிரக்கணக்கில் வெள்ளி போகும் என்பதால் இரண்டாம் சாராருக்கு ஆதரவு அதிகம். பின்சீட்டில் பாதி கறிபாப்பைப் பொட்டலத்தோடு விட்டது யார் என்று கணவன் மனைவிக்கிடையே எழும் ஊடலே உரிப்பொருள் என்பது எம் துணிபு. மற்ற இரண்டும் ஒரே நாளில் முடிந்துவிடுகின்றன.

தெய்வம் பற்றி ஒரு சொல். கயமுகாசுரன் எலி வடிவெடுத்துப் பாய்ந்தபோது பிள்ளையார் அவனை அடக்கி வாகனமாக்கிக்கொண்டார் என்பது புராணம். எலிப் பிரச்சினையை வாகனப் பிரச்சினையோடு சேர்த்துத் தீர்த்த ஒரே நிகழ்ச்சி நம் ஏட்டில் இதுதான். அதனால்தானோ என்னவோ, புதுக் காடி வாங்கியவர்கள் இன்றும் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் பூசை போடுகிறார்கள். சந்நிதிக்கு எதிரே அமர்ந்திருக்கும் பழைய வாகனம், புதிய வாகனத்தின் நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொள்கிறது என்று நினைப்பவர்களும் உண்டு.

வரலாற்று நோக்கிலும் பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரு தனி வழக்கு இருக்கிறது. 1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் முதலில் தீயிலும் பிறகு வெள்ளத்திலும் அழிந்தது. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடென்டாக வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம், அத்தாப்பும் பலகையும் போதும், இனிச் செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்றார். அந்தச் செங்கல்லுக்காகச் சூளைகள் எழுந்த இடமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ். அத்தாப்புக் கூரையில் நிம்மதியாக இருந்த எலிகளை வீடிழக்கச் செய்த செங்கல் இங்கேதான் வெந்தது; அவற்றின் வழித்தோன்றல்கள் பழிதீர்க்க இங்கேயே கூடியிருக்கின்றன என்று வாதிடலாம். வாதிடத் தடையாக இருப்பது கிள்ளான். அங்கே சூளை விவகாரம் எதுவும் இல்லாமலே எலி இதே அளவு கடிக்கிறது.

இனி எலியின் தரப்பு. அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்கின்றன. ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்குக் குறையாது. தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாது. பல்லின் முன்பக்கத்தில் மஞ்சளாகத் தெரிவது அழுக்கு அல்ல, எனாமலில் கலந்த இரும்பு. செம்புக் கம்பியைவிட அந்தப் பல் கடினமானது. முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. கடிக்கும்போது உதட்டுச் சதையை உள்ளே இழுத்து அந்த இடைவெளியில் அடைத்துக்கொள்வதால், கொறித்த தூள் தொண்டைக்குள் போவதில்லை. ஆக எலி வயரைக் கடிக்கிறது, தின்பதில்லை. பானெட்டைத் திறந்தால் பேட்டரித் தட்டில் வண்ண வண்ணமாகக் கிடக்கும் துணுக்குகள் இதற்குச் சான்று. பசியால் செய்தது என்ற வாதம் எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது.

நீதிமன்றம் என்றதும், வழக்கே நடந்திருக்கிறது. 2016-இல் கலிபோர்னியாவில் டொயோட்டா மீது தொடுத்த வழக்கில், வயரின் மேலுறையில் சோயா சார்ந்த பொருள் கலந்திருப்பதால்தான் எலி நாடி வருகிறது என்பது வாதிகளின் கூற்று. நிறுவனம் மறுத்தது. சோயாக் கோட்பாடு கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வேகமாகப் பரவியது. தௌஃபூ விற்கும் ஊரில் அது பரவாவிட்டால்தான் வியப்பு. ஆனால் எலி தின்பதில்லை என்பதை மேலே நிறுவிவிட்டோம். சோயா இல்லாத ஈயக் குழாயையும் வீட்டு மின்கம்பியையும் எலி பல தலைமுறையாகக் கொறித்து வருகிறது. மாறியது எலி அன்று, கார். 1985-இல் வந்த முதல் புரோட்டான் சாகாவில் கடிப்பதற்கு வயர் குறைவு. இன்றைய காரில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் வயர் ஓடுகிறது, அதன் ஒவ்வொரு முனையிலும் ஒரு சென்சர். பழைய காடியில் ஒரு வயர் போனால் ஒரு விளக்கு போகும். இப்போது ஒரு வயர் போனால் டாஷ்போர்டில் தீபாவளி.

மேலைநாட்டு நூல்களில் கூறப்படும் காரணம் வெப்பம்: குளிருக்கு ஒதுங்கும் பிராணி எஞ்சின் சூட்டை நாடுகிறதாம். முப்பத்திரண்டு பாகை வெயிலில் வாழும் கிள்ளான் எலி சூடு தேடிக் காருக்குள் ஏறுகிறது என்பதை எம்மால் ஏற்க இயலவில்லை. அது தேடுவது மழை படாத, நாய் எட்டாத, யாரும் வந்து கதவைத் தட்டாத ஓர் அறை. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கோழி எலும்பும் ரொட்டித் துண்டும் கிடப்பது, அங்கே வெறுமனே ஒதுங்கவில்லை, குடித்தனம் நடந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. ஜெர்மனியின் நிலைமை வேறு. அங்கே கடிப்பது மரநாய் இனத்தைச் சேர்ந்த ஒரு பிராணி. தன் எல்லைக்குள் நிற்கும் காரில் வேறொரு ஆணின் வாடை அடித்தால், ஆத்திரத்தில் குழாயைக் கடித்து எறிகிறது. ஆண்டுக்கு ஓர் இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் இப்படிக் கடிபடுவதால், காப்புறுதி நிறுவனங்கள் அதற்கென்றே விதி வகுத்திருக்கின்றன. நம் எலிக்கு அத்தகைய வீரமோ காதலோ கிடையாது.

அடுத்து மருந்துகள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இவற்றைச் சமயங்கள் என்றே சொல்ல வேண்டும். ரேடியேட்டர் மேல் பாண்டான் இலை முடிச்சு வைப்போர் ஒரு சமயம். டாக்சிக்காரர்கள் கரப்பானுக்கு வைத்ததை எலிக்கும் நீட்டித்தவர்கள் இவர்கள். கற்பூரச் சமயம் உண்டு, பூச்சி உருண்டைச் சமயம் உண்டு, புதினா எண்ணெய்ச் சமயம் அண்மையில் பங்சாரிலிருந்து வந்தது. காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் பெட்டியைப் பேட்டரியில் மாட்டுவோர் தங்களை அறிவியலார் என்று அழைத்துக்கொள்வார்கள். அமெரிக்க வணிக ஆணையம் 2001-இல், இத்தகைய பெட்டிகளைச் செய்தும் விற்றும் வந்த அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம், சொல்வதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தது. பக்தி குறையவில்லை.

காரச் சமயம் சற்று மேலானது. மிளகாயின் காரம் பாலூட்டிகளின் வாயைச் சுடும், பறவையைச் சுடாது. ஹோண்டா நிறுவனம் காரச்சத்து ஏற்றிய ஒரு டேப்பையே வயரைச் சுற்ற விற்கிறது. 1912-இல் ஸ்கோவில் என்பவர் காரத்துக்கு அளவுகோல் வகுத்தபோது, வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் பின்சந்தில் பரம்பரையாக மீன் குழம்பில் வளர்ந்த எலியைக் கணக்கில் எடுக்கவில்லை என்ற ஆட்சேபம் மட்டும் பிரிக்பீல்ட்ஸ் தரப்பிலிருந்து எழுகிறது.

ஒன்றுக்கொன்று முரணான இத்தனை சமயத்தாரும் ‘நான் வச்சேன், மறுநாளே வரல’ என்று சத்தியம் செய்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எலிக்குப் புதிய பொருள் என்றாலே அச்சம். நேற்று இல்லாத ஒன்று இன்று வழியில் இருந்தால் சில நாள் அந்தப் பக்கமே வராது. பாண்டான் இலையாக இருந்தாலும் சரி, பழைய செருப்பாக இருந்தாலும் சரி, பலன் ஒன்றே. பிறகு பழகிவிடும். வைத்தவரோ அதற்குள் மூன்று பேருக்குச் சிபாரிசு செய்து முடித்திருப்பார். ஒவ்வொரு மருந்தும் நம் ஊரில் இப்படித்தான் புகழ் பெற்றது என்பதே இவ்வாராய்ச்சியின் முதன்மைக் கண்டுபிடிப்பு. எலிப்பொறி வைப்போர் முதல் சில நாள் பொறியைப் பூட்டாமல் இரை மட்டும் வைத்துப் பழக்க வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

பகைவரை ஏவும் வழி தொன்மையானது. கடல்போல் ஆரவாரிக்கும் எலிக் கூட்டமும் ஒரு நாகம் மூச்சு விட்டால் ஒழியும் என்ற கருத்தைத் திருவள்ளுவர் படைமாட்சியில் வைத்திருக்கிறார். கருத்து சரி, செயல்படுத்துவதுதான் சிக்கல். நாகம் வளர்க்கக் கொண்டோ நிர்வாகக் குழு இடம் தராது, பூனைக்கே தருவதில்லை. இத்தனைக்கும் நம் லோங்காங்குகளில் எலிக்காகவே மலைப்பாம்பு சுற்றுகிறது. அது ஒரு நாள் வெளியே தலைகாட்டினால் நாம் செய்யும் முதல் காரியம், 999-ஐ அழைத்துப் பொதுத் தற்காப்புப் படையை வரவழைத்து, அதைச் சாக்கில் கட்டி அனுப்புவது. தோட்டப்புறத்தில் செம்பனைக் குலையைக் கடிக்கும் எலிக்காகக் கூகைக்குப் பெட்டிக்கூடு கட்டி வளர்க்கிறார்கள். அதே கூகை தாமானில் நம் கூரைமேல் வந்து அமர்ந்தால், யாருக்கோ ஆகாது என்று கல்லெடுக்கிறோம். பாம்பையும் கூகையையும் விரட்டிவிட்டுப் பூனையை நம்புகிறோம். நியூயார்க்கில் ஒரு குப்பைக் கிடங்கில் பூனைகளையும் எலிகளையும் 79 நாள் கேமரா வைத்துக் கவனித்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. பூனைகள் கொன்ற எலி இரண்டு.

எலிக்குத் தலைக்கு இவ்வளவு என்று பரிசு வைக்கலாமே என்பவர்கள் 1902-ஆம் ஆண்டு ஹனோயை நினைக்க வேண்டும். பிரெஞ்சு அரசு வாலுக்குக் காசு கொடுத்தது; மக்கள் வாலை அறுத்துக்கொண்டு எலியை விட்டுவிட்டார்கள். நம்மவர்கள் அதற்குக் கமிஷனும் வைப்பார்கள்.

உண்மையான பரிசோதனை 2020 மார்ச் 18-ஆம் நாள் தொடங்கியது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, காடிகள் நின்றன. கடைகளும் மூடின, குப்பைத்தொட்டிகள் காலியாயின. எலிகள் உணவு தேடி இடம் பெயர்ந்தன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே அந்த மே மாதம், உணவகங்கள் மூடியதால் எலிகள் வழக்கத்துக்கு மாறாக நடக்கக்கூடும் என்று அறிவிப்பு வெளியிட்டது. தடை தளர்ந்து சாவியைத் திருப்பியவர்கள் பலர் நேரே போமெனிடம்தான் போனார்கள். அவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்: “அண்ணே, காடிய நகத்தவே இல்லியா?” ஓடும் காடி வாகனம், ஓடாத காடி வீடு என்மனார் போமென். இந்த ஒரு வரிக்கு மேலே கூறிய அனைத்தும் உரை.

அந்தச் சூத்திரத்திலிருந்து பெறப்படுபவை சில. ஓட்டாவிட்டாலும் நாள்தோறும் காடியைக் கொஞ்சம் இடம் மாற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது பானெட்டைத் திறந்து வெளிச்சம் காட்டுங்கள். குப்பைத்தொட்டிக்கும் லோங்காங் ஓட்டைக்கும் அருகே நிறுத்தாதீர்கள். பூட்டில் அரிசி மூட்டையும் பூனைத் தீனியும் வைக்காதீர்கள். காற்றுப் புகும் வழிகளுக்குத் துருப்பிடிக்காத கம்பி வலை அடியுங்கள். இரண்டு சென்டிமீட்டர் துளை இருந்தால் எலி நுழைந்துவிடும். விஷம் வேண்டாம்: தின்ற எலி ஏர்கோன் குழாய்க்குள் போய்ச் செத்தால், அதன்பின் கடிபட்ட வயரே மேல் என்று தோன்றும்.

ஏற்கெனவே குடி வந்துவிட்டதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் வெறுங்கையால் எதையும் தொடாதீர்கள். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் ஆளைக் கொல்லும். 2010 முதல் மலேசியாவில் அது சுகாதார அமைச்சுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். கையுறை போடுங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ப்ளீச் கலந்த தண்ணீரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். வாடை போகாவிட்டால் அடுத்த எலிக்கு அதுவே விலாசம்.