இரும்பாசை

மண்ணாசை, பெண்ணாசை, பொன்னாசை என்று ஆசைகளை மூன்றாக வகுத்து, அம்மூன்றினின்றும் மானிடரைக் காக்கும் பொருட்டு ஏராளமான உபதேசங்களை அருளிச் சென்ற பெரியோர்கள், உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றுத் திண்ணையில் சாய்ந்திருக்கும் ஒருவனுக்கு இரும்பின்மீது திடீரென்று ஆசை மூளக்கூடும் என்பதை மட்டும் எண்ணிப் பாராமற் போய்விட்டார்கள். எனக்கு அது மூண்டது. வேறெங்கேனும் மூண்டிருந்தாலும் பாதகமில்லை, வெம்பக்கோட்டையில் மூண்டது.

எங்கள் பிரதேசத்தை அறியாதவர்களுக்கு இதன் விபரீதம் எளிதில் விளங்காது. வைப்பாற்றங்கரையிலுள்ள இவ்வூரைச் சுற்றிக் கரிசற்காட்டின் நடுவே, ஒன்றையொன்று நெருங்க அஞ்சி விலகி நிற்கும் சின்னஞ்சிறு அறைகளைக் கண்டால் அவை பட்டாசு ஆலைகள் என்று அறிக. 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டின் விதிகளும் அவ்வறைகளை ஆளுகின்றன. மருந்து புழங்கும் இடத்தில் இரும்புக் கருவிக்கு அநுமதி கிடையாது. இரும்பு உரசி எழும் ஒரே ஒரு பொறி போதுமாகையால், அங்கே கையாளப்படுவன பித்தளையும் செம்பும் மரமுமே. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உடலிலுள்ள மின்னூட்டம் இறங்கும்படி வாசலில் பதித்திருக்கும் உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டு, சந்நிதிக்குள் நுழையும் பயபக்தியோடுதான் தொழிலாளி உள்ளே போக வேண்டும்.

அத்தகைய ஓர் ஆலையில் நான் மேற்பார்வை பார்த்தேன். சுருங்கச் சொன்னால், இரும்பைத் தடுப்பதே என் உத்தியோகம். சாவிக்கொத்து, பீடி, தீப்பெட்டி, பேனாக்கத்தி முதலிய சகல வஸ்துக்களும் என் மேஜையில் சரணடைந்த பின்னரே அவற்றின் சொந்தக்காரர்கள் உள்ளே போவார்கள். அவ்வாறு சரணடைந்த பேனாக்கத்திகளைக் கொண்டே நான் ஒரு கடை வைத்திருக்கலாம். மாலையில் அவற்றைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்ற நியாயம்தான் குறுக்கே நின்றது. நெடுங்காலப் பகை மோகமாக மாறுவதுண்டு என்று மனோதத்துவ சாஸ்திரிகள் எங்கேனும் சொல்லியிருந்தால், அதற்கு நானே பிரத்தியட்ச சாட்சி. ஓய்வுபெற்ற பிறகு, இடுப்பில் செருகிக்கொள்ளத்தக்க சிறு கத்தி ஒன்றை என் கையாலேயே, கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில், அடித்துச் செய்துவிடுவது என்று சங்கற்பம் செய்துகொண்டேன்.

இதற்கு முன்னுதாரணம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு. பின்லாந்து தேசத்தார் பூக்கோ என்னும் சிறு கத்தியை இடைவாரில் தொங்கவிட்டுக்கொண்டு காட்டுக்கும் போகிறார்கள், விசேஷங்களுக்கும் போகிறார்கள். நமக்கு அண்டையில், குடகு நாட்டார் கல்யாணக் கோலத்தில் பட்டுக் கச்சையின் முன்புறம் பீச்சேகத்தி செருகாமல் புறப்படுவதில்லை. விருதுநகர் ஜில்லாவுக்கு மட்டும் என்ன குறைச்சல்? வேட்டியின்மேல் கட்டும் நாலு விரல் அகலப் பச்சை பெல்ட் இருக்கிறது. பணத்துக்கு ஒரு பை, வெற்றிலைக்கு ஒரு பை என்று வகுத்துவைத்த அந்த மகாபுருஷன் கத்திக்கு ஓர் இடம் விடாதது பெருங்குறை என்று எனக்குப் பட்டது.

என் தர்மபத்தினிக்கு அப்படிப் படவில்லை. "ஏங்க, வெங்காயம் நறுக்குன்னா அருவாமணை எங்கன்னு கேக்குற ஆளு நீங்க. உங்களுக்கு எதுக்குங்க கத்தி?" என்றாள். இதற்குச் சரித்திர பூர்வமாகவே விடை சொல்ல முனைந்தேன். தீயை நம் பக்கத்தார் கல்கத்தாவிலிருந்து கற்று வந்தார்கள். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அங்கே போய்த் தீப்பெட்டித் தொழிலைப் பயின்று திரும்பிய பிறகுதான் சிவகாசி சிவகாசியாயிற்று. இரும்பையோ நாம் யாரிடமும் போய்க் கற்கவில்லை. தூத்துக்குடி ஜில்லா சிவகளையில் கிடைத்த இரும்பின் காலத்தைப் பொ.ஆ.மு. 3345 வரை கொண்டுபோய், தமிழகத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? நம்மூருக்குப் பக்கத்து விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 மார்ச்சில் தொடங்கிய அகழாய்விலே, இரும்புக்கும் முந்திய மனிதர் கல்லைச் சீவிச் செய்த நுண்கருவிகள் அகப்பட்டிருக்கின்றன. அவையும் கையடக்கக் கத்திகள்தாமே என்றேன். "அந்த மேட்டுல சுடுமண்ணுல செஞ்ச சுங்கானும் கெடச்சதாம், அதையும் புடிக்கப் போறீகளா?" என்ற கேள்வியோடு அச்சரித்திர ஆராய்ச்சி முற்றுப்பெற்றது.

சட்டத்தையும் பார்த்துவைத்தேன். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகன்ற கத்தியையே ஆயுத விதிகள் ஆயுதமாகப் பாவிக்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. என் கத்தியின் அலகு மூன்றரை அங்குலம். ராஜாங்கத்துக்கு அதனால் அபாயமில்லை.

சாமான் சேகரிப்பதில் ஆளுக்கொரு யோசனை. சிவகாசி அச்சகங்களில் காகிதம் வெட்டித் தேய்ந்த பிளேடை வாங்கிக்கொள் என்றார் ஒருவர். அதில் வெட்டும் விளிம்பு மட்டுமே உயர்ந்த எஃகு, முதுகுப் பக்கம் சாதாரண இரும்பு, அந்த எஃகும் கரியுலைச் சூட்டுக்கு லேசில் வளையாது. அடிக்கிற பணைக்குத் தண்டவாளத் துண்டுக்கு நிகரில்லை என்றார் இன்னொருவர். அது எப்படிக் கைக்கு வந்தது என்று நிரூபிக்க இயலாதவனுக்கு 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டம் வேறோரிடத்தில் ஜாகை ஏற்பாடு செய்துவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. கடைசியில் சாலையோரத்துப் பட்டறையில் அரிவாள் அடிக்கும் முதிய ஆசாரி ஒருவரை அடைந்தேன். திருப்பாச்சேத்தி அரிவாளின் கீர்த்தியைக் கேட்டு முகத்தைச் சுளிக்கும் சுயமரியாதை உள்ளவர் அவர். பழைய இரும்புக் கடைக்குப் போய் லாரிக்கு அடியில் பாரம் தாங்கிய பட்டையில் ஒரு துண்டு வாங்கி வரச் சொன்னார். நூற்றுக்கு அரைப்பங்குக்குச் சற்றே மேலாகக் கரி சேர்ந்த எஃகு அது. சிவகாசிச் சரக்கை ஏற்றிக்கொண்டு தேசமெல்லாம் குலுங்கியும் முறியாதது. உலைக்குச் சீமைக்கருவேலங்கரி. எங்கள் நிலத்தடி நீரை எல்லாம் உறிஞ்சிவிட்டது என்று நாம் சபிக்கும் அம்மரம், மூட்டம் போட்டு எரித்த பின் தரும் கரியின் உக்கிரத்தைக் கண்டவர்கள் சாபத்தில் பாதியையாவது திரும்பப் பெற்றுக்கொள்வார்கள்.

உலை மூட்டிச் சைக்கிள் சக்கரத் துருத்தியைச் சுற்றினேன். பட்டை செக்கச் சிவந்தது. குறடால் எடுத்துப் பணைமேல் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தேன்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

இங்கே பரிகாசத்தைச் சற்று நிறுத்திக்கொள்கிறேன். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சன்குளத்திலும் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்துகளைப் பத்திரிகையில் வாசித்தவர்கள் மறந்திருக்கலாம். இங்கே மறப்பதற்கு வழியில்லை. புரியாத ஒரு சத்தம் கேட்டதும் எங்கள் பெண்கள் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள், எந்தத் திக்கில் புகை எழுகிறது என்று. அடுத்த கணம் கை தானாகவே போனுக்குப் போகும், வேலைக்குப் போன பிள்ளையை அழைக்க. அன்று அப்படிப் போனைக் காதில் வைத்தபடியே ஓடிவந்த எதிர்வீட்டு அம்மாள், என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்துவிட்டு, "ஏன் அண்ணாச்சி, சொல்லிட்டு அடிக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள்.

தெருவோடு விஷயம் நிற்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் வீட்டுக் கொட்டகையில் கள்ளத்தனமாகப் பட்டாசு கட்டுவோரைத் தேடி அதிகாரிகள் வருவது சகஜம். அரத்தால் நான் கத்திக்கு வடிவம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பகல்வேளையில் இருவர் வந்தார்கள். ஒரு மூலையில் கரி. மறு மூலையில், சிந்தவிடாமல் நான் சிரத்தையாகக் கூட்டி வைத்திருந்த இரும்பு அரத்தூள். புஸ்வாணத்தில் பொன்னிறப் பூவாய்ச் சொரிவது இரும்புத்தூளே என்பதும், அதைத் தூக்கிவிடும் மருந்தில் கரி ஒரு பிரதான பாகம் என்பதும் ஆயுள் முழுதும் என் ஜீவனோபாயமாக இருந்த உண்மைகள். வெடியுப்பும் கந்தகமும் இருந்துவிட்டால் சாட்சாத் ஒரு பட்டாசு ஆலையின் சரக்கறை பூர்த்தியாகியிருக்கும். "பட்டாசு இல்லைங்க சார், கத்திதான் செய்றேன்" என்று அவர்களைச் சமாதானப்படுத்தினேன். அதனால் சமாதானம் அடைந்த அதிகாரியை உலகம் இனிமேல்தான் காண வேண்டும். 2021ஆம் ஆண்டில் அரிவாள், கத்தி வாங்குவோரின் பெயர் விலாசங்களைக் குறித்து வைக்கும்படி பட்டறைக்காரர்களுக்குக் காவல்துறை சொல்லியிருப்பதால், யாருக்கு விற்பனை, ரிஜிஸ்தர் எங்கே என்று விசாரணை தொடர்ந்தது. உள்ளேயிருந்து வந்த என் மனைவி அரைகுறையாக இருந்த அக்கத்தியை எடுத்து அவர்கள் கையில் கொடுத்து, "விக்கிற மாதிரியா சார் இருக்கு? நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாள். இருவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தோய்ச்சல் என்பது இவ்வித்தையின் ஜீவஸ்தானம். அலகு 770 பாகை செல்சியஸை எட்டுகையில் காந்தம் அதை இழுப்பதை நிறுத்திவிடும். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தால் அதைச் சோதித்து, இன்னும் சற்றுச் சூடேற்றி, வெதுவெதுப்பான எண்ணெயில் நேராக இறக்க வேண்டும். தண்ணீரில் இறக்கினால் இவ்வகை எஃகு விரிசல் காணும். விருதுநகர்க் கடலை எண்ணெய் வாங்கி வைத்திருந்தேன். அலகு உள்ளே போனதும் எழுந்த புகையின் பரிமளம், எண்ணெய்ப் பரோட்டாக் கடையின் நடுவே நிற்கும் பிரமையை உண்டாக்கிற்று, பக்கத்து வீட்டுச் சிறுவன் வேலியோரம் வந்து, "தாத்தா, சால்னா இருக்கா?" என்றான். அரம் அலகின்மேல் பிடிக்காமல் வழுக்கினால் எஃகு இறுகிவிட்டது என்று பொருள். ஆனால் அப்படியே விட்டால் கைதவறி விழுந்தாலே உடையும். ஆதலால், அதன் முரட்டுத்தனம் தணியும்படி 200 பாகையில் ஒரு மணி நேரம், ஆறவைத்து மறுபடியும் ஒரு மணி நேரம் வாட்ட வேண்டும். அலகில் வைக்கோல் நிறம் படரும். மகள் வீட்டுக் கேக் அடுப்பு இக்கைங்கரியத்துக்கு உதவியது. கேக் சுடுவதற்கு அதை மறுபடி உபயோகிப்பதில்லை என்று அவள் தீர்மானித்திருப்பதாகக் கேள்வி.

கைப்பிடிக்கு உடைந்த மாட்டுவண்டியின் ஆரக்காலில் ஒரு துண்டு. காம்பைப் பழுக்கக் காய்ச்சி மரத்துள் இறக்கி அரக்கு வார்த்தாயிற்று. பித்தளைப் பூண் ஒன்றை, என் பழைய உத்தியோகத்தின் ஞாபகார்த்தமாக, மாட்டிக்கொண்டேன். உறை தைக்கச் சாத்தூர் பஸ் நிலையத்தருகே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் அளவு சொன்னபோது, "எந்த செல்லு அண்ணாச்சி, பழைய பட்டன் போனா?" என்று விசாரித்தார்.

கத்தி நன்றாகவே வெட்டுகிறது. சாத்தூர் வெள்ளரிக்காயை வாயில் வைத்தால் கரையும் மென்மையில் சீவும். மாங்காயிலோ எலுமிச்சையிலோ பட்டால் அலகு கறுக்கும், துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் மறுநாளே துருப்பிடிக்கும். எவர்சில்வருக்கு இல்லாத இந்த ரோஷத்தை நான் அதன் குலப்பெருமையாகக் கருதுகிறேன், என் மனைவி வேறாகக் கருதுகிறாள். சந்தையில் நூறு ரூபாய்க்குள் இதைவிட லட்சணமான கத்தி கிடைக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இருந்தும் செய்தே தீருவேன் என்னும் அன்பர்கள் எங்கள் பக்கத்தில் இருப்பார்களாயின் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தீபாவளி முடிந்து ஆலைகள் அடைத்திருக்கும் நாட்களில் உலை மூட்டுங்கள். முதல் அடி அடிக்குமுன் தெருவில் வீடு வீடாகப் போய், இன்று கேட்கப்போவது எங்கள் வீட்டுச் சத்தம்தான் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.