ரீச்சரின்ரை சட்டமும் கிழவன்ரை புத்தியும்

உயர்தரத்துக்கு ஆர்ட்ஸ் எடுத்து, அதுக்குள்ளையும் ஐரோப்பிய வரலாறு எடுத்திருக்கிறாய் எண்டு கேள்விப்பட்டன். கெட்டிக்காரன்! நீ கொட்டாஞ்சேனையிலை இருந்து வகுப்புக்கு வாற வெள்ளவத்தையிலை ஒரு மாடி ஏறி இறங்கிப் பார். ஒரு வீட்டிலை கணக்கு, மற்ற வீட்டிலை பயோ, மிச்சமெல்லாம் கொமர்ஸ். "ஆர்ட்ஸோ தம்பி?" எண்டு உன்ரை மாமிமார் கேக்கேக்கை, செத்தவீட்டுக்கு வந்த மாதிரிக் குரலை இறக்கிறதையும் கவனிச்சனான். நீ யோசியாதை மோனை. அவைக்கும் ஆரையெண்டாலும் பாத்து இரக்கப்பட வேணுமெல்லே.

வகுப்புத் தொடங்கின அண்டைக்கே ரீச்சர் சட்டங்களை அடிச்சுத் தந்திட்டாவாம். நேரத்துக்கு வரவேணும். கிழமைக்கு ஒரு கட்டுரை. பாத்தெழுதக் கூடாது. குழு வேலையிலை எல்லாரும் பாடுபடவேணும். போதாததுக்கு, கொம்மா கையெழுத்தும் வைக்கோணுமாம். இதென்ன வகுப்போ, பட்டாளமோ? பயப்பிடாதை, கிழவன் நான் இருக்கிறன். ஒவ்வொரு சட்டத்தையும் மீற வழி சொல்லித்தாறன். எல்லாத்துக்கும் உன்ரை பாடத்துக்குள்ளையே முன்மாதிரி கிடக்கு.

முதல், நேரம். ஆறுதலாய்ப் போ. பிரான்சு ராசாக்கள் மட்டும் நேரத்துக்கோ வேலை பாத்தவை? குருமார், பிரபுக்கள், பொதுசனம் எண்டு மூண்டு வகுப்பாரும் கூடுற சபையை 1614க்குப் பிறகு அவை கூட்டவேயில்லை. திறைசேரி வத்தி, கடன் கழுத்துக்கு வந்தாப் பிறகு பதினாறாம் லூயி 1789இலை கூட்டினார். 175 வருசம் பிந்தின கூட்டம். என்ன நடந்தது? பெரிசாய் ஒண்டுமில்லை. 1793 சனவரியிலை அவற்றை தலை போச்சு, அவ்வளவுதான். உன்ரை ரீச்சர் நல்ல மனுசி, வெளியிலைதான் நிப்பாட்டுவா.

பிந்தினால் ஒரேயடியாய் வீட்டை நிண்டிடலாம் எண்டும் யோசிப்பாய். வாட்டர்லூவைப் பார். 1815 யூன் 18. பிரசியாக்காரன் புளூக்கர் பின்னேரம்தான் வந்து சேர்ந்தவர், எண்டாலும் வந்தவர். நெப்போலியன் வழி பாத்துக்கொண்டிருந்த அவற்றை தளபதி குரூஷி வரவேயில்லை. ரண்டு பேருக்கும் வரவுப் புத்தகத்திலை என்ன விழுந்தது எண்டு நீயே சொல்லு.

அடுத்தது, பாத்தெழுதிறது. தாராளமாய்ச் செய். மூண்டாம் நெப்போலியன் செய்யாததோ? பெரியப்பன்ரை பேரை வைச்சுக்கொண்டே வந்தவர். பெரியப்பன் 1804இலை முடிசூடினது டிசம்பர் 2 எண்டால், இவரும் 1851இலை அதே டிசம்பர் 2ஐப் பாத்து ஆட்சியைப் பிடிச்சவர். அடுத்த வருசம் பேரரசர். கொப்பி அச்சொட்டு! 1870இலை செடானிலை பிரசியாக்காரன் ஆளைச் சிறைப்பிடிக்குமட்டும் ஒரு குறையும் இல்லை. பாத்தெழுதிறவனுக்கு விடை கிடைக்கும் மோனை, கேள்வி மாறினால்தான் கரைச்சல். இப்ப போனைக் கேட்டால் கட்டுரையை அதுவே எழுதித் தருமாம். நல்லது, சோதனைக்கும் அதையே அனுப்பு. சுட்டெண்ணை மறக்காமல் குடுத்துவிடு.

குழு வேலைக்கு இத்தாலியைப் பின்பற்று. ஜேர்மனியோடையும் ஒஸ்திரியாவோடையும் ஒரே குழுவிலை பேர் போட்டது. 1914 யூன் 28 சரயேவோவிலை ஒஸ்திரிய இளவரசருக்கு வெடி விழுந்தது. ஒஸ்திரியா சேர்பியாவிலை பாய, சேர்பியாவுக்காண்டி ரஷ்யா, ஒஸ்திரியாவுக்காண்டி ஜேர்மனி எண்டு ஒண்டையொண்டு இழுத்து, ஓகஸ்ட் முதல் கிழமைக்குள்ளை வல்லரசு எல்லாம் சண்டைக்குள்ளை. இத்தாலி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிண்டது. அடுத்த வருசம் மற்றக் குழுவிலை சேர்ந்திட்டுது. வெண்ட பக்கத்திலை நிண்டு புள்ளி வாங்கப் பாத்தது. சமாதான மேசையிலை கேட்டதெல்லாம் கிடைக்கேல்லை எண்டு பிறகு அழுதது. ரீச்சருக்கும் ஆர் வேலை செய்தது எண்டு தெரியும் பார்.

கடைசியாய்க் கட்டுரை. அதுக்குக் குறுக்கு வழி, திகதி எல்லாத்தையும் பாடமாக்கிறது. ஒக்டோபர் புரட்சி எப்ப? ஒக்டோபர் எண்டு சொல்லு, சரி. எங்கடை கலண்டரிலை அது 1917 நவம்பர் 7. ரஷ்யனின்ரை பழைய கலண்டர் 13 நாள் பின்னுக்கு ஓடினது. திகதி தெரிஞ்சும் விழுத்திற பாடம் இது. 75 எடுத்து ஏ வந்தாலும் கதை முடியாது. 2001 பரீட்சையிலை இருந்து இசட் புள்ளி எண்டு ஒண்டு இருக்கு. நீ எவ்வளவு எடுத்தாய் எண்டு மட்டும் அது பாக்காது. உன்னோடை எழுதினவையின்ரை சராசரியை விட எவ்வளவு தூரம் மேலை நிக்கிறாய் எண்டு பாக்கும். திகதி எல்லாரும் எழுதுவினம். "ஏன் நடந்தது?" எண்டு எழுதிறவன்தான் மேலை நிப்பான். ரீச்சர் கிழமைக்கு ஒண்டு கேக்கிறது அந்த "ஏன்" கையிலை ஏறத்தான். இதை நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதை, என்ரை மரியாதை போயிடும்.

"வெள்ளைக்காரன்ரை வீட்டுச் சண்டை எங்களுக்கு என்னத்துக்கு?" எண்டும் மாமிமார் கேப்பினம். உங்கடை கொட்டாஞ்சேனைப் பக்கம் வுல்வெண்டால் தேவாலயம் நிக்குதெல்லே? ஒல்லாந்தர் 1749இலை கட்டத் தொடங்கி 1757இலை திறந்தது. எப்பவும் இருக்கப்போறம் எண்டு நினைச்சுத்தான் அந்தத் தடிப்பிலை சுவர் எழுப்பினவை. நாப்பது வருசம் ஆகேல்லை, பாரிசிலை வந்த புரட்சி ஒல்லாந்துக்குள்ளை பூந்திட்டுது. 1795 சனவரியிலை அவையின்ரை தலைவர் ஐந்தாம் வில்லியம் மீன்பிடி வள்ளத்திலை ஏறி இங்கிலாந்துக்கு ஓடினார். அங்கை கியூ எண்ட இடத்திலை இருந்துகொண்டு, எங்கடை குடியேற்றங்களுக்குள்ளை பிரித்தானியரை விடுங்கோ எண்டு கடிதம் எழுதினார். கொழும்பு அந்தக் கடிதத்துக்குப் பணியேல்லை.

அதே வருசம் லண்டன்காரர் ஒரு ஆளைப் பிடிச்சவை. படைத்தளபதி இல்லை, வியாபாரியும் இல்லை. சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்திலை வரலாறு படிப்பிச்ச பேராசிரியர், ஹியூ கிளெக்ஹோண். கொழும்புக் கோட்டையைக் காத்துக்கொண்டு நிண்டது ஆர்? ஒல்லாந்தர் கூலிக்குப் பிடிச்ச சுவிஸ் படை. படை கொழும்பிலை, அதின்ரை சொந்தக்காரர் டி மெயுரோன் பிரபு நியூஷாட்டெலிலை. பேராசிரியர் நேரை அங்கை போய், பேரம் பேசி, படையை விலைக்கு வாங்கினார். செய்தியை ஒரு ஒல்லாந்துச் சீஸ் கட்டிக்குள்ளை ஒளிச்சுக் கொழும்புக்குள்ளை கடத்தினவை எண்டும் ஒரு கதை இருக்கு. சுவிஸ்காரர் பக்கம் மாற, 1796 பெப்ரவரியிலை ஒல்லாந்த ஆளுநர் வான் ஏஞ்சல்பீக் திறப்பைக் குடுத்தார். 1948 மட்டும் பிரித்தானியக் கொடி, 152 வருசம். பிரான்சிலை பாணுக்குத் தட்டுப்பாடு, கொழும்பிலை கொடி மாற்றம். நடுவிலை கிடக்கிற அத்தனை "ஏன்"ஐயும் கோத்து எழுது. அது கட்டுரை.

ஆகவே, "வரலாறு படிச்சு என்ன வேலை எடுப்பாய்?" எண்டு இனி ஆரும் கேட்டால், தலையைக் குனியாதை. ஒருத்தர் கொழும்பை வாங்கிக் குடுத்து, இலங்கையின்ரை முதலாவது குடியேற்றச் செயலாளர் வேலை எடுத்தவர் எண்டு சொல்லு. ஆனால் ஒண்டு. அந்தப் பெரிய மூளைக்காரர் ஆளுநர் நோர்த்தோடை கொழுவிக்கொண்டு, 1800இலை வேலையை விட்டிட்டுக் கப்பலேறினவர். நாடு பிடிக்க வரலாறு காணும் மோனை, வேலையிலை நிக்க வாய் அடக்கம் வேணும். அது பாடத்திட்டத்திலை இல்லை. அதுக்கு ரியூசன் வேணுமெண்டால் என்னட்டை வா. காசு வேண்டாம், சுருட்டு ஒண்டு கொண்டுவா.